நான் காட்டாத கால்

என் இடது காலை ஒரு குண்டூசி கொண்டுபோய்விட்டது என்று கடையில் எல்லோரும் சொல்கிறார்கள். குண்டூசிமேல் பழி போடுவது சௌகரியம், அது திருப்பிப் பேசாது. ஞாயிற்றுக்கிழமை சர்க்கரை வியாதிக்காரர் கூட்டத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்குப் படித்துக் காட்ட வேண்டும், நடந்ததை நடந்தபடி எழுதித் தாருங்கள் என்று டாக்டரம்மா ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொடுத்திருக்கிறார். குண்டூசியின் பங்கைக் குண்டூசிக்கும் என் பங்கை எனக்கும் பிரித்து எழுதப் பார்க்கிறேன்.

என் பெயர் செல்லையா. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மெட்ராஸுக்கு வந்து, தியாகராய நகரில் ஒரு ஜவுளிக்கடையில் முப்பத்து நாலு வருஷம் புடவை விரித்துப் போட்டவன். எங்கள் கடையில் நாற்காலி கிடையாது. சுவரோரமாக நீளத்துக்கு மெத்தை போட்டு வெள்ளைத் துணி விரித்திருக்கும். வாடிக்கைக்காரர்கள் செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்து ஒரு பக்கம் உட்காருவார்கள். நாங்கள் மறுபக்கம் நின்றும் குனிந்தும் வெறுங்காலோடு வியாபாரம் பண்ணுவோம். மெத்தை லட்சுமி இருக்கிற இடம், அதில் செருப்பு படக்கூடாது. புடவையில் குத்தியிருக்கும் குண்டூசியைக் கழற்றினால் சட்டைக் காலரில் செருகிக்கொள்ள வேண்டும், மெத்தையில் போடக்கூடாது என்று புது ஆட்களுக்குப் பாடம் எடுப்பவனே நான்தான்.

ஐம்பத்தெட்டு வயதில் என் சட்டைகளெல்லாம் பெரிதாகிவிட்டன. தையற்காரர் இரண்டு முறை பிடித்துத் தைத்தார். மூன்றாம் முறை, "அண்ணாச்சி, சட்டையில தப்பு இல்ல, டாக்டரப் பாருங்க" என்றார். தண்ணீர் குடித்துத் தீரவில்லை, குடித்த தண்ணீர் உள்ளே நிற்கவுமில்லை. டாக்டர் ஒரு கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, என் சிறுநீரில் எட்டுச் சொட்டு விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சினார். நீலம் நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சையானால் கொஞ்சம், மஞ்சளானால் கூடுதல், செங்கல் நிறத்துக்குப் போனால் ரொம்ப மோசம். என்னுடையது நல்ல அரக்கில் வந்து நின்றது. முகூர்த்தப் புடவைக்கு எடுப்பாக இருந்திருக்கும்.

சிறுவயதில் வரும் சர்க்கரை வேறு, அதற்கு முதல் நாளிலிருந்தே ஊசி வேண்டும். வயதான பிறகு வருவது மெதுவாக வரும். உடம்பில் இன்சுலின் என்ற சாறு சுரக்கத்தான் செய்யும், உடம்பு அதற்குக் கட்டுப்படாது. மாத்திரை, அளந்த சாப்பாடு, தினம் நடை இந்த மூன்றையும் விடாமல் செய்தால் சமாளிக்கலாம் என்றார் டாக்டர். அபிராமபுரத்தில் இதற்கென்று ஒரு கூட்டம் நடப்பதாகச் சொல்லி அவரே அனுப்பிவைத்தார்.

ஒரு கார்ப்பரேஷன் பள்ளிக்கூட அறையில் ஞாயிறு காலை கூட்டம் நடக்கும். எனக்கு நோட்டுக் கொடுத்த டாக்டரம்மா, சர்க்கார் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர், தன் முயற்சியில் நடத்தினார். வயதானவர்கள் டாக்டர் சொன்னதை வீட்டு வாசல்படி ஏறும்போது மறந்துவிடுகிறார்கள், பத்துப் பேர் சேர்ந்தால் ஒருவருக்காவது ஞாபகம் இருக்கும் என்பது அவர் கணக்கு. மூன்றாம் வகுப்புக் குழந்தைகளின் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்காருவோம். அவரவர் சிறுநீரை அவரவரே குழாயில் காய்ச்சி நிறத்தை நோட்டில் எழுத வேண்டும். சோற்றை அலுமினிய டம்ளரில் அளக்கச் சொல்லிக்கொடுத்தார். பிறகு விளையாட்டு மைதானத்தைச் சுற்றி நடை. யாருக்கு நீலம், யாருக்கு மஞ்சள் என்று பரீட்சை மார்க் மாதிரி விசாரித்துக்கொண்டே நடப்போம். நீலம் வந்த வாரம் எனக்குத் தலைகால் புரியாது.

கடைசியாகக் கால் பார்ப்பது. சர்க்கரை நாள்பட நாள்பட நரம்பைத் தின்றுவிடும், கால் மரத்துப்போகும், முள் குத்தினாலும் தெரியாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். தன் உள்ளங்காலைத் தானே குனிந்து பார்க்க எங்களில் பலருக்கு முடியாது, குனிந்தாலும் கண் தெரியாது. அதனால் இரண்டிரண்டு பேராகப் பிரித்து, ஒருவர் காலை மற்றவர் பார்க்க வேண்டும் என்று வைத்திருந்தார். காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு விரலிடுக்கு, குதிகால் எல்லாம் பார்க்க வேண்டும். பிறகு காலுக்குரியவர் கண்ணை மூடிக்கொள்ள, மற்றவர் உள்ளங்காலில் பஞ்சால் தொடுவார். பட்டது தெரிந்தால் 'ம்' சொல்ல வேண்டும். நோட்டில் இடது கால், வலது கால் என்று இரண்டு கட்டம் இருக்கும்.

எனக்கு ஜோடியாக அமைந்தவர் வேங்கடராமன். மயிலாப்பூர்க்காரர், ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். அவர் பிராமணர், வாத்தியார், என்னைவிட எட்டு வயது மூத்தவர். அவர் கை என் காலில் படாமலிருக்க எங்கள் ஊர் வழக்கப்படி இந்த மூன்றில் ஒன்றே போதும். அவர் காலை நான் பார்ப்பதில் சிரமமே இல்லை. தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் ஆரம்பிப்பேன்.

"ஓய், இது நமஸ்காரம் இல்லை, பரிசோதனை" என்று அவர் சிரிப்பார். பிறகு தன் மடியில் துண்டை விரித்து, "இப்போ உம்ம காலைக் கொண்டாரும்" என்பார்.

"வேண்டாம் சாமி."

"என்னங்காணும் வேண்டாம்? டாக்டர் சொல்லியிருக்காளே."

"நீங்க என் காலைத் தொட்டா அந்தப் பாவத்தை நான் எங்க கொண்டு கழுவுவேன்? கால் நல்லாத்தான் இருக்கு. சரின்னு எழுதுங்க."

முதல் இரண்டு மூன்று வாரம் வாதாடினார். பிறகு விட்டுவிட்டார். டாக்டரம்மா எங்கள் பக்கம் திரும்பினால் பஞ்சைக் காற்றில் பிடித்துக்கொண்டு "தெரியறதா?" என்பார். நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் "ம்" என்பேன். முத்து முத்தான கையெழுத்தில் இரண்டு கட்டத்திலும் 'சரி' என்று எழுதுவார். ஒரு வருஷத்துக்கு மேல் இப்படியே போயிற்று.

தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரம் கடையில் மூச்சுவிட நேரம் இருக்காது. மெத்தைமேல் புடவை மலையாகக் குவியும். எந்த நாள், எந்த நேரம் என்று எனக்குத் தெரியாது, அந்தக் குவியலில் ஒரு குண்டூசி என் இடது உள்ளங்காலில் தலை வரைக்கும் இறங்கிவிட்டது. நான் அதன்மேல் நின்றே வியாபாரம் பண்ணியிருக்கிறேன். மற்றவர்கள் கால் கடுக்கிறது என்று புலம்பியபோது, எனக்கு ஒன்றுமில்லை பார் என்று பெருமையடித்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அந்த ஞாயிறும் கூட்டத்துக்குப் போனேன். வேங்கடராமன், "என்னமோ இன்னிக்கு நீர் சாய்ஞ்சு சாய்ஞ்சு நடக்கறீர். இன்னிக்காவது காட்டும் ஓய்" என்றார்.

"கடைக்கு ஓடணும் சாமி, எழுதுங்க" என்றேன். எழுதினார்.

வியாழக்கிழமை காலை என் மனைவி சொர்ணம் வீட்டைக் கூட்டிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றாள்.

"என்னங்க, குளிக்கிற அறையிலேருந்து கட்டிலு வரைக்கும் எறும்பு வரிசையா போகுது."

"பண்டம் எதுவும் சிந்தியிருக்கும்."

"பண்டம் இல்ல. ஒத்தக் காலு ஈரம். ஒங்க காலடியத்தான் மொய்க்குது பாத்தீயளா?"

உட்காரவைத்துக் காலைத் தூக்கிப் பார்த்தாள். அவள் முகம் போன போக்கைப் பார்த்துத்தான் ஏதோ கெட்டுப்போயிருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது, காலில் ஒரு வலியும் இல்லை. உள்ளங்காலில் ஓட்டை விழுந்து சீழ் வடிந்துகொண்டிருந்தது. இரண்டு விரல்கள் கறுத்திருந்தன. நாற்றம் நான்கு நாளாகவே வந்தது, எலி செத்துக்கிடக்கிறது என்று அலமாரியெல்லாம் நகர்த்தித் தேடினேன் என்று அப்போதுதான் சொன்னாள்.

சர்க்கார் ஆஸ்பத்திரித் தாழ்வார பெஞ்சில் மத்தியானம் வரைக்கும் உட்கார்ந்திருந்தோம். சொர்ணம் தன் முந்தானையால் என் காலை மூடி, மொய்க்கிற ஈயை விரட்டிக்கொண்டே இருந்தாள். ஆதம்பாக்கத்தில் கட்டிக்கொடுத்திருந்த எங்கள் மகள் பார்வதி கேழ்வரகுக் கஞ்சி கொண்டுவந்தாள். பக்கத்தில் இருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளித் தள்ளி உட்கார்ந்தார்கள். அவள் மட்டும் வேண்டுமென்றே என் காலோடு ஒட்டி உட்கார்ந்து, அந்த நாற்றத்திலேயே தானும் ஒரு டம்ளர் கஞ்சி குடித்தாள். அதை என்றைக்கும் மறக்கமாட்டேன்.

எக்ஸ்ரே படத்தில் குண்டூசி கொண்டை முதல் முனை வரை துல்லியமாக விழுந்திருந்தது. பெரிய டாக்டர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"எப்பலேருந்து வலி?"

"வலியே இல்லீங்க."

"வலி இருந்திருந்தா அன்னிக்கே வந்திருப்பீங்க. கால் தப்பிச்சிருக்கும்."

ரத்தம் ஓடாமல் சதை உயிரோடு அழுகிப்போவதற்கு ஆங்கிலத்தில் ஏதோ பேர் சொன்னார். விஷம் மேலே ஏறுகிறது, முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டும், தள்ளிப்போட்டால் உயிர் போகும் என்றார். எனக்குக் காய்ச்சலில் பல் கிட்டியது. ஒரு நாளைக்கு நாலு தடவை சிறுநீரைக் காய்ச்சினார்கள், வந்த நிறத்துக்குத் தகுந்தபடி இன்சுலின் ஊசி போட்டார்கள். சம்மதக் காகிதத்தில் சொர்ணம் கைநாட்டு வைத்தாள். மையைப் புடவையில் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள், கட்டைவிரலில் நீலம் போகவில்லை. நான் அழுதேன். சாவுக்குப் பயந்துதான் அழுதேன், மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

அறுவைக்கு முதல் நாள் மாலை டாக்டரம்மா வந்தார். பின்னாலேயே வேங்கடராமனும் வந்தார். டாக்டரம்மா கையில் கூட்டத்து நோட்டு இருந்தது. கடைசி ஞாயிறின் பக்கத்தைப் பிரித்து என் கட்டில்மேல் வைத்தார். இடது கால், சரி.

"சார், இது உங்க கையெழுத்துதானே? குண்டூசி ஏறி பத்து நாளாவது இருக்கும்னு சொல்றாங்க. நீங்க பாத்தீங்களா இல்லையா?"

வேங்கடராமன் என் முகத்தைப் பார்த்தார். நான் எக்ஸ்ரே உறையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பாத்தேன் டாக்டர். புரை விழுந்த கண்ணு. தெரியலை."

"கண்ணு தெரியலைன்னா சொல்லியிருக்கணும். ஒரு மனுஷனோட காலு சார் இது. இனிமே நீங்க யார் காலையும் பாக்க வேண்டாம்."

நாற்பது வருஷம் பிள்ளைகளின் தப்பைத் திருத்தினவர், பெஞ்சுமேல் ஏற்றிவிட்ட பையன் மாதிரி நின்றார். ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். நாளைக்குச் சாகப்போகிறோமோ என்ற பயத்தில் இருப்பவன் எதற்கு வாயைத் திறக்க வேண்டும் என்று சமாதானம் பண்ணிக்கொண்டேன். என் கால் என் பிடிவாதத்தால் போகிறது என்று சொர்ணத்தின் காதில் விழவேண்டாம் என்பதுதான் உள்ளபடியான காரணம்.

காலை எடுத்துவிட்டார்கள்.

மயக்கம் தெளிந்ததும் இடது கட்டைவிரல் வலித்தது. கனவு என்று நினைத்தேன். மறுநாளும் வலித்தது, உள்ளங்காலில் யாரோ ஊசியால் குத்திக்கொண்டே இருப்பது போல. துண்டான நரம்பு மூளைக்குப் பொய்ச் சேதி அனுப்பும், நாளானால் குறையும் என்றார்கள். இருந்தபோது ஒரு சேதியும் அனுப்பாத கால், போன பிறகு விடாமல் வலித்தது. எனக்குக் கடவுள்மேல் கோபம் வந்தது அப்போதுதான்.

வார்டு ஆயா அஞ்சலை போர்வையை மாற்ற வரும்போது, நான் இல்லாத காலைத் தடவப் போய்க் கை வெறும் மெத்தையில் படுவதைப் பார்த்துவிட்டாள்.

"இன்னா நைனா, தேடிகினு கீறியா? அது போய்ச்சு. மிச்சம் ஒண்ணு கீதே, அத்தப் பாரு."

பெரிய டாக்டரும் அதையேதான் சொன்னார். பாரம் முழுவதும் இனி வலது காலுக்கு. ஒரு கால் போனவர்களுக்கு அடுத்ததும் போவது சகஜம், தினம் யாராவது பார்க்க வேண்டும், அதற்கு ஒன்று ஆனால் பிறகு படுக்கைதான் என்றார். அன்றிலிருந்து வலது கால் இருக்கிறதா என்று ஒரு நாளைக்குப் பத்துத் தரம் பார்த்துக்கொள்வேன். இருக்கும். ஆனால் கிள்ளிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது.

அந்த வாரம் பார்வையாளர் நேரத்தில் வேங்கடராமன் தனியாக வந்தார். கையில் கபாலி கோயில் விபூதிப் பொட்டலம். வார்டு வாசலிலேயே சொர்ணம் அவரை மறித்தாள்.

"நீங்க ஒழுங்காப் பாத்திருந்தா இவுகளுக்குக் காலு இருந்திருக்கும் சாமி."

"ஆமாம்மா" என்றார் அவர். விபூதியை அவள் கையில் கொடுத்தார். நான் கண்ணை மூடித் தூங்குவதுபோல் கிடந்தேன். அவர் செருப்புச் சத்தம் படியிறங்கி முடிகிற வரைக்கும் கண்ணைத் திறக்கவில்லை. கால் போனதைக்கூட ஒருவனால் பொறுத்துக்கொள்ள முடியும். அந்த ஐந்து நிமிஷம் இன்றைக்கும் என்னை அறுக்கிறது.

வீட்டுக்கு வந்த அன்று வாசலில் என் வலது செருப்பு மட்டும் இருந்தது. இடது செருப்பைச் சொர்ணம் எங்கே போட்டாள் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. தினமும் காலையில் என் வலது காலைத் தரையில் உட்கார்ந்து பார்ப்பாள். பார்த்துக்கொண்டே ஒருநாள், "அந்த ஐயரு" என்று ஆரம்பித்தாள். அன்றைக்குச் சொல்லிவிட்டேன், முழுவதையும். காலைக் கீழே வைத்தாள். பிறகு, "என் வாயால அவுகள அப்படிக் கேக்க வச்சிட்டீயளே" என்றாள். அதற்கப்புறம் இரண்டு நாள் என்னோடு பேச்சில்லை. காலை மட்டும் பார்த்தாள்.

மூன்றாவது மாதம் கக்கத்தில் கட்டை ஊன்றிக்கொண்டு கூட்டத்துக்குப் போனேன். சொர்ணமும் வந்தாள். வேங்கடராமன் கடைசி பெஞ்சில் ஓரமாக உட்கார்ந்திருந்தார். தன் குழாயைக் காய்ச்சி நிறத்தை எழுதிவிட்டு, கால் பார்க்கும் நேரத்துக்கு முன்பே எழுந்து போய்விடுவது அவர் வழக்கமாகியிருந்ததாம். அன்றைக்கும் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

டாக்டரம்மா எனக்குப் புது ஜோடியாக வேறொருவரைக் கூப்பிட்டார். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றேன்.

"அம்மா, வேங்கடராமன் சாமி என் காலைப் பார்த்ததே இல்லை. நான் காட்டினதில்லை. அவர் தொடக்கூடாதுன்னு நான்தான் பொய் எழுதச் சொன்னேன். ஆஸ்பத்திரியில அவர் சொன்னது எனக்காகச் சொன்ன பொய். நான் கேட்டுக்கிட்டுப் படுத்திருந்தேன்."

டாக்டரம்மா வேங்கடராமனைத் திரும்பிப் பார்த்தார்.

"அவர் மேல மட்டும் போடாதேங்கோ டாக்டர்" என்றார் அவர். "நானும் அதிகம் வற்புறுத்தலை. தொட வேண்டாம்னு அவர் சொன்னது உள்ளுக்குள்ள எனக்கும் சௌகரியமாத்தான் இருந்தது."

அதை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம், யாரும் கேட்கவில்லை. டாக்டரம்மா நோட்டை எடுத்துக்கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தார்.

வேங்கடராமன் என் எதிரே உட்கார்ந்து மடியில் துண்டை விரித்தார். நான் வலது காலைத் தூக்கி அதில் வைத்தேன். வைத்த பிறகும் உடம்பெல்லாம் கூசியது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, விரல் விரலாகக் குனிந்து பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். மூடிக்கொண்டேன். பட்டது தெரிந்தால் 'ம்' சொல்ல வேண்டும். மைதானத்தில் யாரோ நடக்கிற சத்தம் கேட்டது, தெருவில் கீரைக்காரி குரல் கேட்டது. நான் கவனமாகக் காத்துக்கொண்டிருந்தேன். ரொம்ப நேரமாயிற்று. அவருக்கு இன்னும் மனசு வரவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன்.

"பரவாயில்லை சாமி, ஆரம்பிங்க" என்றேன்.

கண்ணைத் திறந்தேன். பஞ்சு தரையில் கிடந்தது. அவர் இரண்டு கையாலும் என் உள்ளங்காலை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"எப்பவோ ஆரம்பிச்சாச்சு செல்லையா" என்றார். "பஞ்சை அப்பவே போட்டுட்டேன். பிடிச்சுண்டுதான் இருக்கேன்."

காலைக் கீழே விடாமலே ஒரு கையால் பேனாவை எடுத்து, வலது கால் கட்டத்தில், அதே முத்து முத்தான எழுத்தில், 'சரியில்லை' என்று எழுதினார்.